ஒரு நாளைக்கு இரண்டு சேலை

காலையில் எங்கள் அலுவலகத்துக்கு முதலில் வருகிறவள் அவள்தான். திருச்செந்தூரிலிருந்து வரும் பாசஞ்சரில் ஆழ்வார்திருநகரியில் ஏறி, திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்துவிடுவாள். வரும்போது உடம்பில் ஒரு சாயம்போன சேலை இருக்கும். சாம்பலா சந்தனமா என்று நிறம் சொல்ல முடியாது. நெற்றியில் ஒன்றும் இருக்காது. நேராகப் பதிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அங்கே பழைய கோப்புகள் அடுக்கிய இரும்பு ராக்குகளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டு.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வருகிறவள் வேறொருத்தி. கஞ்சி போட்டு இஸ்திரி வைத்த பருத்திச் சேலை. இலைப்பச்சையோ, மாம்பழ மஞ்சளோ, கத்தரிப்பூ நிறமோ. மடிப்பு ஒவ்வொன்றும் வகுப்பில் பிள்ளைகள் நிற்பது மாதிரி வரிசையாக நிற்கும். தோளில் ஊக்கு வெளியே தெரியாது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாட்ச், நெற்றியில் அரக்கு நிறத்தில் ஒரு சிறிய ஒட்டுப்பொட்டு. வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "யக்கா, வணக்கம்" என்பாள். அதுவரைக்கும் என்னைப் பார்த்தாலும் பேசமாட்டாள். சாயம்போன சேலையோடு இருக்கும்போது அவள் அலுவலகத்துக்கு வந்ததாகவே அவள் கணக்கில் இல்லை.

சாயந்தரம் இதெல்லாம் தலைகீழாக நடக்கும். பொட்டைப் பிய்த்து என் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பாள். அவளுடைய அலுவலகச் சேலைகள் அந்தப் பீரோவின் கீழ்த்தட்டில்தான் இருந்தன. துவைக்கவும் தேய்க்கவும் அவை எதிரே வேப்பமரத்தடி இஸ்திரி வண்டிக்குப் போகும். அங்கிருந்து மறுபடி பீரோவுக்கு வரும். அவள் வீட்டை அவை பார்த்ததே இல்லை.

அவள் புருஷன் எங்கள் துறையில்தான் ஜீப் ஓட்டினார். பணியில் இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அவள் பட்டம் முடித்திருந்ததால் கருணை அடிப்படையில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. எங்கள் பிரிவில் 'ஆ3' என்ற இருக்கை. நான் பக்கத்து மேசை, 'ஆ2'. என்னைவிட நாலைந்து வயது சிறியவள். ஒரு மகன், அப்போது எட்டாம் வகுப்பு. மாமியாரும் கொழுந்தன் குடும்பமும் இவளும் மகனுமாக ஒரே வீடு.

புருஷனை இழந்தவள் நிறம் உடுத்தக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது என்று அந்த வீட்டில் யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. மாமியாரே இருபது வருஷத்துக்கு மேலாக வெள்ளைச் சேலையில் இருந்தவர். காரியம் முடிந்த அன்றைக்குப் பெட்டியிலிருந்து நாலு வெளிர்ச் சேலைகளை எடுத்து இவள் பக்கம் வைத்தார். அவ்வளவுதான். இந்தக் காலத்திலும் இப்படியா என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்திலேயே எத்தனையோ வீடுகளில் இது மாறிவிட்டது. அந்த வீட்டில் மாறவில்லை.

வேலைக்கு வந்த புதிதில் அவளும் அந்தச் சேலைகளில்தான் வந்தாள். அவற்றோடேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மனு கொடுக்க வருகிறவர்கள் அவளைத் தாண்டி என்னிடம் வருவார்கள். "ஏம்மா, இங்கன இருக்க ஆபீசர் எங்க போயிருக்காவ?" என்று அவளிடமே கேட்டவர்கள் உண்டு. ஒருநாள் ஆய்வுக்கு வந்த மேலதிகாரி காப்பி குடித்துவிட்டு, காலி டம்ளரை அவள் பக்கம் நீட்டி, "இதைக் கழுவி வைம்மா" என்றார். அவள் வாங்கிக்கொண்டு போய்க் கழுவி, துடைத்து, அவர் மேசையில் வைத்துவிட்டு, திரும்பிவந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். அந்த மனிதருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொருநாள் மானூர்ப் பக்கத்திலிருந்து பட்டா விஷயமாக ஒரு பெரியவர் காலையிலேயே வந்தார். வாசலில் கால் வைத்ததும் நேர் எதிரே இவள். பெரியவர் அப்படியே நின்று இவளை ஒருமுறை பார்த்தார். பிறகு உடன்வந்தவனிடம், "நாளைக்கி வருவோம்லே, இன்னைக்குச் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது அவள் கேட்டாள்:

"யக்கா, எங்க வீட்டுக்காரர் செத்துப்போனது அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?"

நான் ஊறுகாயை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன்.

"நான் சொல்லல. நீங்க சொல்லல. சேலைதான சொல்லிச்சு? எனக்கு முந்தி அது பேசிருதுல்லா?"

அடுத்த வாரம் பதிவறையில் உடை மாற்றுவது தொடங்கியது. முதல்நாள் இலைப்பச்சைச் சேலையில் அவள் வந்து உட்கார்ந்தபோது பிரிவே நிமிர்ந்து பார்த்தது. முதலில் வந்த மனுதாரர் அவள் மேசை முன்னால் நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "யம்மா, வணக்கம்" என்றார். அவள் "உக்காருங்க, என்ன விஷயம்?" என்று கேட்டாள். குரல்கூட வேறாக இருந்தது.

சாயந்தரம் நான் கேட்டேன், "வீட்டுக்குத் தெரிஞ்சா ஏசமாட்டாவளா?"

"வீட்டுல நான் அவுக பொண்டாட்டியா இருந்தவ. அதுக்குள்ளது அங்கன உடுத்துதேன். இங்கன நான் ஆ3. ஆ3-க்கு யாரும் சாகலயேக்கா."

அதை அவள் அடிக்கடி சொல்வாள். வேடிக்கையாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தால் முகத்தில் சிரிப்பு இருக்காது.

உடுத்துவதில் அவளுக்கு இருந்த கண்டிப்பு மற்றவர்களையும் விடவில்லை. எங்கள் கண்காணிப்பாளர் சாதுவான மனிதர். எந்தக் காகிதம் வந்தாலும் நாள், எண் எல்லாம் சேர்த்து உரக்க வாசித்தால்தான் அவருக்குத் திருப்தி. சட்டைப் பையில் பேனா கசிந்து நீலமாகப் படர்ந்திருக்கும், கவனிக்கவே மாட்டார். இவள்தான், "சார், பொதுஜனம் மொதல்ல உங்க பையத்தான் பாக்கும்" என்பாள். அவர் மறுநாள் வேறு சட்டையில் வருவார். தட்டச்சுக்கு வந்த தற்காலிகப் பையன் மண்டையோடு போட்ட பனியனில் வந்தபோது, "ஏலே, நீ வேலைக்கி வந்திருக்கியா, கடலுக்குக் குளிக்க வந்திருக்கியா?" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

எல்லோரும் சிரித்துக்கொண்டு போகவில்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் பக்கத்துப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தாள். சரிகை மினுங்கும் சேலை, கை நிறைய வளையல், நடந்தால் கொலுசுச் சத்தம். மூன்றாம்நாள் இவள் அவளைக் கூப்பிட்டு, "இது மறுவீடு இல்ல, ஆபீசு. இப்படி வந்தா உன்ன எவனும் மதிக்கமாட்டான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கழிப்பறைக்குப் போய் அழுதாள். பிறகு பெண்கள் கூடும் இடங்களில் ஒரு பேச்சு நடந்தது: உடுத்தக் கொடுத்துவைத்தவளைப் பார்த்தால் இவளுக்குப் பொறுக்கவில்லை, அலுவலகத்தில் மினுக்குகிறாள், வீட்டில் வேஷம் போடுகிறாள் என்று. அது இவள் காதுக்கும் வந்தது. "நான் சொன்னது சரிதான். சொன்ன இடந்தான் தப்பு" என்றாள். அந்தப் பெண்ணிடம் போய் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. யாரிடமும் போய் எதையும் கேட்பதோ, விட்டுக்கொடுத்துச் சொல்வதோ அவளுக்கு வராது. இதை இப்போது யோசித்தால், பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தானோ என்று தோன்றுகிறது.

ஒருநாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டது என்று மகன் பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டான். வாசலில் நின்று உள்ளே பார்த்தான். அவள் மேசையையும் பார்த்தான். பிறகு என் பக்கம் வந்து, "அத்தை, எங்கம்மா எங்க?" என்று கேட்டான்.

அவள் நாலடி தூரத்தில் இருந்தாள். கத்தரிப்பூ நிறச் சேலை. பேனா கையில் அப்படியே நின்றுவிட்டது. "ஏய்யா, இங்கன இருக்கேன்" என்றாள்.

பையன் திரும்பிப் பார்த்தான். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பா போட்டோவில் பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பார்ப்பதுபோலப் பார்த்தான் என்று எனக்குத் தோன்றியது. அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போய் ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்து, கூடவே ஊருக்கு அழைத்துப்போனாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள்:

"டிரெயின்ல போகும்போது நான் ஒண்ணும் சொல்லலக்கா. அவனா என் கையப் பிடிச்சிட்டு, 'நான் வீட்டுல சொல்லமாட்டேம்மா' ன்னுட்டான்."

"நல்ல பையன்தான?"

"அதான் யக்கா. நான் ஏதோ தப்பு செய்யுதேன்னு அவனுக்குத் தோணியிருக்கு. புள்ளைய என் கூட ஒளிய வச்சிட்டேன்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பணியாளர்கள் அலுவலகத்துக்கு வரும்போது தூய்மையாகவும் கண்ணியமாகவும், அலுவலகத்தின் மாண்புக்கு ஏற்றபடியும் உடுத்தி வரவேண்டும் என்று ஒரு பக்கம். பெண்களுக்குச் சேலை, சுடிதார் என்று ஒரு பத்தி; ஆண்களுக்கு ஒரு பத்தி. கண்காணிப்பாளர் வழக்கம்போல எழுந்து நின்று நாள், எண்ணோடு முழுவதையும் வாசித்தார். நாங்கள் தூக்கத்தை அடக்கிக்கொண்டு கேட்டோம். அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் ஒரு நகல் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் முன்னால் உட்கார்ந்து அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். மாமியாருக்கு எழுத்து தெரியாது. தாளில் இருந்ததை இருந்தபடி வாசித்துவிட்டு, கடைசியில் மூச்சு விடாமல், "பெண் பணியாளர்கள் நிறமுள்ள ஆடை அணிந்து, நெற்றியில் பொட்டிட்டு, மலர்ந்த முகத்துடன் பொதுமக்களைச் சந்திக்க வேண்டும்" என்று சேர்த்து வாசித்துவிட்டாள். அந்த வரி எந்தத் தாளிலும் இல்லை. டிரெயினில் வீட்டுக்குப் போகும்போது யோசித்து வைத்தது.

மாமியார் அந்தத் தாளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "சர்க்காரே சொல்லிட்டாவளா?" என்று கேட்டாராம்.

"ஆமா அத்தை."

"புருசன் இல்லாதவளுக்கும் சேத்துத்தான் சொல்லுதாவளா?"

"எல்லாருக்கும் பொதுவாத்தான் போட்டிருக்கு."

"அப்பம் என்ன செய்ய. அவுக சம்பளத்துலதான உன் புள்ள படிக்கான். சொன்னபடி கேளு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் அவள் வீட்டிலிருந்தே உடுத்திக்கொண்டு வந்தாள். அந்த நாட்களில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். பதிவறைப் பக்கம் போகாமல் நேரே வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு, "யக்கா, வணக்கம்!" பீரோவின் கீழ்த்தட்டு காலியானது. டிரெயினில் எதிரே உட்கார்ந்திருந்த டீச்சர் இந்தச் சேலை எங்கே வாங்கியது என்று கேட்டாள், மகன் "மஞ்சள் நல்லா இருக்கும்மா" என்றான், கஞ்சி போடுவதற்கு மாமியாரே வடிகஞ்சியை எடுத்து வைக்கிறார், ஒவ்வொன்றாகச் சொல்வாள். "பையப் பைய எல்லாம் சரியாயிரும் போலுக்கேக்கா" என்றாள் ஒருநாள். அந்தப் பொய்யை நினைத்து நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை அவளுடைய கொழுந்தன் அலுவலகத்துக்கு வந்தார். ஊரில் சிமெண்டுக்கடை வைத்திருந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இவளைப் பார்த்து, "மதினி, நான் சார்கிட்ட ஒரு விசயம் பேசணும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கண்காணிப்பாளர் மேசைக்குப் போனார். எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், ஒரு சின்ன உதவி. எங்க மதினிக்கு இங்கன ஒரு கொறையும் இல்லன்னு சொல்லுதாவ, சந்தோசம். ஆனா இந்தப் பொட்டு வைக்கணும், கலர் உடுத்தணும்னு ஆர்டர் போட்டிருக்கியள்லா, அது எங்க வீட்டு வழக்கத்துக்கு ஒத்து வரல. கடையில வச்சு நாலு பேரு கேக்காவ. சர்க்கார் சட்டத்தக் கொறை சொல்லல. எங்க மதினிக்கு மட்டும் அதுலருந்து விலக்கு குடுக்க முடியுமான்னு கேக்க வந்தேன்."

கண்காணிப்பாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பொட்டா? பொட்டு வைக்கணும்னு யார் சொன்னா? அப்படி ஒண்ணும் கிடையாதே அண்ணாச்சி" என்றார்.

"இல்ல சார், தாள்ல இருக்குன்னு..."

"இருங்க." அவர் கோப்பை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாள், எண் தொடங்கி ஒரு வரி விடாமல் உரக்க வாசித்தார். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் வாசித்தார். வந்தவரின் மனக்குறையைத் தீர்ப்பதாக நினைத்தார். பிரிவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் ஏதாவது சொல்வதற்குள் அவர் முடித்துவிட்டார். "பாத்தியளா, பொட்டப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. யார் எப்படி வேணா வரலாம். நீங்க கவலையே பட வேண்டாம்."

அவள் எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினார். "மதினி, எங்கம்மைக்கு வாசிச்சுக் காட்டினியளே?"

"அது நான் சேத்தது" என்றாள்.

அவர் சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கண்காணிப்பாளரைக் கும்பிட்டார், வாழைப்பழத்தை மேசை ஓரத்தில் வைத்தார், போய்விட்டார்.

விஷயம் புரிந்தபோது கண்காணிப்பாளர் துடித்துப்போனார். அவள் மேசைக்கே வந்து நின்றுகொண்டு, "எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? இருக்குன்னு சொல்லியிருப்பேனே" என்றார்.

"சொல்லமாட்டிய சார். இல்லாதத இருக்குன்னு உங்களால வாசிக்க முடியாது. அது என்னாலதான் முடியும்."

அன்று வீட்டில் சண்டை நடக்கும் என்று நாங்கள் பயந்தோம். நடக்கவில்லை. மாமியார் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். கேட்டது இது ஒன்றுதான்: "எனக்கு எழுத்து தெரியாதுன்னுதான அப்படி வாசிச்ச?"

அதோடு அந்த வீட்டில் மாமியார் இவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போடுவார், தண்ணீர் வைப்பார், பேரனிடம் "உங்கம்மைய சாப்பிடச் சொல்லு" என்பார். நேராக ஒரு சொல் கிடையாது.

மறுநாள் அவள் பழைய வெளிர்ச் சேலையில் வந்தாள். பதிவறைக்குப் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த அறையில் அவள் உடை மாற்றவே இல்லை. வெளிர்ச் சேலையையும் சுத்தமாக, மடிப்புக் கலையாமல்தான் உடுத்தினாள். அடையாள அட்டையும் வாட்சும் இருந்தன. ஆனால் யார் சட்டையைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. கண்காணிப்பாளர் வேண்டுமென்றே பேனாக் கறையோடு வந்து பார்த்தார். அவள் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர் பிறகு தச்சரைக் கூப்பிட்டு எல்லா மேசைகளுக்கும் பெயர்ப்பலகை செய்துவைத்தார். எங்கள் அலுவலகத்தில் அதுவரை அதிகாரிக்கு மட்டும்தான் பலகை. யாருக்காகச் செய்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் பெயரும் 'இளநிலை உதவியாளர்' என்பதும் கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று இருந்தன.

ஒருநாள் அவளிடம் சொன்னேன்: "விட்டுத்தள்ளு. உன்ன யாரும் இப்ப ஒண்ணும் சொல்லல. உனக்குப் பிடிச்சத இங்கன வந்து உடுத்திக்கோ. பீரோ சும்மாதான் கெடக்கு."

"அது இல்லக்கா. நான் கேக்கவே இல்ல பாத்தியளா. 'அத்தை, ஆபீசுக்குப் போறதுக்கு நான் பொட்டு வச்சிக்கிடட்டுமா'ன்னு ஒரு வார்த்தை நேரா கேக்கல. கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பாவன்னு நானே முடிவு பண்ணிட்டேன். வடிகஞ்சிய எடுத்து வச்சவுக. கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பாவளோ என்னமோ."

"இப்ப கேளேன்."

"இப்ப எந்த வாய வச்சு கேக்க?"

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு மாமியார் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அதோடு சளியும் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். இவள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். துடைத்துவிடுவாள், கஞ்சி கொடுப்பாள், தலை வாரிவிடுவாள். கிழவி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் உடம்பைக் கொடுப்பார். பேச்சு மட்டும் இல்லை.

ஒருநாள் போனவள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது.

"யக்கா, அத்தை பேசிட்டாவ."

தலை வாரும்போது கிழவி கண்ணைத் திறந்து இவள் சேலையைப் பார்த்திருக்கிறார். "ஆபீசுலருந்தா வார?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றாளாம். "இப்படியேவா போன?" என்றாராம். அதற்கும் ஆமாம் என்றிருக்கிறாள். கிழவி நெற்றியைச் சுருக்கி, "சர்க்கார் ஏசமாட்டாவளா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம்.

இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "நாளைக்கி உடுத்திட்டுப் போறேன்க்கா" என்றாள்.

மறுநாள் காலையில் பதிவறைக் கதவு மறுபடி சாத்தியிருந்தது. இலைப்பச்சைச் சேலை. முந்தின நாள் ராத்திரி வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துத் தானே கஞ்சி போட்டு, காலையில் வேப்பமரத்தடியில் தேய்த்து வாங்கியிருந்தாள். மடிப்பு எடுக்க நான் பிடித்துக்கொண்டேன். ஊக்கையும் நான்தான் குத்திவிட்டேன். பொட்டை அவளே வைத்தாள். கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம், "அத்தை பாத்தா என்ன சொல்லுவாவ?" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வார்டில் கட்டிலைச் சுற்றித் துணித்தடுப்பு இழுத்திருந்தது. விடிந்ததிலிருந்தே நினைவில்லை என்று நர்ஸ் சொன்னாள். கொழுந்தன் கால்மாட்டில் நின்றிருந்தார். இவள் கிழவியின் காதருகே குனிந்து, "அத்தை, ஆபீசுலருந்து வாரேன். பாருங்க அத்தை" என்றாள். இரண்டு தரம், மூன்று தரம் சொன்னாள். கண் திறக்கவில்லை. மத்தியானத்துக்கு முன்னால் முடிந்துவிட்டது.

உடம்பைக் கொண்டுபோக வண்டி வந்தது. "சேலைய மாத்திட்டு வா, பதிவறையில பழசு இருக்குல்லா, நான் ஓடிப்போய் எடுத்துட்டு வாரேன்" என்றேன். அவள் கேட்கவில்லை. நானும் கூடவே ஏறினேன்.

ஊரில் வீட்டு முன்னால் கூட்டம் கூடியிருந்தது. வண்டிக் கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியவள் அவள்தான். கஞ்சி போட்ட இலைப்பச்சைச் சேலையும் நெற்றியில் பொட்டுமாக. அழுதுகொண்டு ஓடிவந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு ஒரு வயதான பெண் முன்னால் வந்து, "சண்டாளி, மாமியா சாவுக்கு இப்படியாட்டி வருவ?" என்று அவள் நெற்றியை நோக்கிக் கையை நீட்டினாள்.

இவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வேகமாகப் பிடிக்கவில்லை. "பைய. அத்தைதான் கேட்டாவ" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. கொழுந்தனுக்கும் புரியவில்லை, அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். மகன் அப்போது பிளஸ் ஒன்னில் சேர்ந்திருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் அவள் பக்கத்தில் நின்றான். உடம்பை எடுக்கும்வரை அவள் அந்தச் சேலையிலேயே கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஊரில் இன்றைக்கும் அவளைப் பற்றிக் கேட்டால் அந்த ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: மாமியார் பிணத்தோடு பச்சைச் சேலையில் வந்து இறங்கியவள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தவள், ராதாபுரத்துக்கு மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மகனும் கூடப் போனான். அங்கே என்ன உடுத்துகிறாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எப்போதாவது போனில் பேசுவோம். மழை, உடம்பு, மகனுடைய வேலை என்று பேச்சு எங்கெங்கோ போய், முடிக்கிற நேரத்தில் அவள் குரல் இறங்கும்.

"யக்கா, அத்தை அன்னைக்கு நெசமாவே கேட்டாவளா, இல்ல என்னக் குத்திக் காட்டினாவளா?"

"நெசமாத்தான் கேட்டாவ" என்று ஒவ்வொரு தரமும் சொல்கிறேன். ஆனால் அந்தக் குரலைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் அன்றைக்கு அங்கே இல்லை.